350 நானோமீட்டர்

பயாப்ஸி ஊசி சிறுநீரகத்திலிருந்து கொண்டுவருவது ஒன்றரை சென்டிமீட்டர் நீளமும் ஒரு மில்லிமீட்டர் பருமனும் உள்ள ஒரு துணுக்கு. அதை மூன்று பங்காக்குவோம். பெரிய பங்கு ஃபார்மலினில் போகும். இன்னொரு பங்கு மிஷெல் கரைசலில் போகும், இம்யூனோஃபுளோரசன்ஸ் சோதனைக்காக. மிச்சமிருக்கும் பொடித்துண்டு க்ளூட்டரால்டிஹைடில் விழும்; அது எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு உரியது. சிறுநீரக நோய்க்குறியியல் மருத்துவராகச் சென்னையில் நான் கழித்த காலத்தில் பெரும்பகுதி அந்தக் கடைசித் துண்டோடுதான் போயிற்று. அதிலும், அதற்குள் ஓடும் ஒரே ஒரு சாம்பல் நிறப் பட்டையோடு. கிளாமருலஸ் என்னும் தந்துகி முடிச்சின் அடிச்சவ்வு அது. பெரியவர்களிடம் அதன் தடிமன் 300 முதல் 350 நானோமீட்டர்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் கிளாமருலஸ்கள் இருக்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் நீர் ரத்தத்திலிருந்து அவற்றின் சவ்வைக் கடந்து வடிகிறது. சவ்வின் ஒரு பக்கம் ரத்தக்குழாயின் உட்படலச் செல்கள், மறுபக்கம் போடோசைட் என்னும் கால் விரித்த செல்கள். உட்பக்கத்திலிருந்து ரத்தம் ஓயாமல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. வேறு தந்துகிகளில் அத்தனை அழுத்தம் கிடையாது. அப்படியும் எழுபது எண்பது வருஷம் கிழியாமல் தாங்கும் அந்தப் பட்டைக்கு முதுகெலும்பாக இருப்பது நான்காம் வகைக் கொலாஜன். அதை நான் நேரில் பார்த்தது கிடையாது, யாராலும் என் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது. அது சரியாகக் கோக்கப்பட்டிருக்கிறதா, கோணலாகிவிட்டதா என்பதைத்தான் இத்தனை காலமும் படித்திருக்கிறேன்.

மருத்துவக் கல்லூரியில் இதைப் பற்றி எங்களுக்குச் சொன்னது ஒரு வரி. முதல் வகை எலும்பிலும் தோலிலும், இரண்டாம் வகை குருத்தெலும்பில், மூன்றாம் வகை ரத்தக்குழாயில், நான்காம் வகை அடிச்சவ்வில். பரீட்சைக்கு அது போதும். கொலாஜன் என்றாலே தசைநாணில் இருக்கும் தடித்த நார்கள்தான் மனதில் நிற்கும். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் அந்த நார்களில் 67 நானோமீட்டருக்கு ஒரு முறை குறுக்குவரி தெரியும். பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். அடிச்சவ்விலோ அப்படி ஒரு வரியும் கிடையாது. மெல்லிய பஞ்சடைத்ததுபோல் சீரான ஒரு சாம்பல். எனக்கு இந்தத் தொழிலைக் கற்றுக்கொடுத்த ஆசிரியர், திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தபடி சொன்னார்: “நார் தேடாதம்மா. இந்தக் கொலாஜன் நாரா திரளாது. இது வலை. வலை நல்லா இருந்தா உனக்கு ஒண்ணும் தெரியாது. கெட்டுப்போனாத்தான் தெரியும்.” அவர் அன்று சொன்னதன் முழு அர்த்தம் விளங்கப் பல வருஷம் ஆயிற்று. வலை எப்படிக் கோக்கப்படுகிறது என்ற விவரமே உலகத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது.

அந்தக் கதையின் முதல் பக்கம் நம் ஊரில் எழுதப்பட்டது. 1952-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தபோது ஜி.என்.ராமச்சந்திரனுக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. சென்னைக்கு வந்திருந்த பிரிட்டிஷ் படிகவியலாளர் ஜே.டி.பெர்னால், கொலாஜனின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னார். ராமச்சந்திரன் அதைப் பிடித்துக்கொண்டார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது. தோல் என்றால் கொலாஜன். கங்காரு வாலின் தசைநாணில் நல்ல எக்ஸ்-கதிர் படங்கள் கிடைத்தன. அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் ‘நேச்சர்’ இதழில் மூன்று இழைச் சுருளை முன்வைத்தார்கள். மறுவருஷம் அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொள்ளும் சுருளாக்கினார்கள். கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு அமினோ அமிலம் கிளைசின் என்பது ஏற்கெனவே தெரிந்திருந்தது. அது ஏன் அப்படி என்பதற்கு இந்தச் சுருள் பதில் சொன்னது. மூன்றுகால் சடையை இறுக்கிப் பின்னினால் நடுவில் ஒரு பூக்காம்பு நுழையக்கூட இடம் இருக்காது. கொலாஜன் சுருளின் நடு அச்சும் அப்படித்தான். ஒவ்வோர் இழையிலும் மூன்றாவதாக வரும் அமினோ அமிலம் அந்த நடுவுக்குத் திரும்பியே ஆக வேண்டும். அங்கே அடங்கும் அளவுக்குச் சிறியது கிளைசின் ஒன்றுதான். அதன் பக்கக் கிளை வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு.

நான் பார்த்த நோயாளிகளில் பலருடைய விதி இந்த ஒரு வாக்கியத்துக்குள் இருக்கிறது. கிளைசின் இருக்க வேண்டிய இடத்தில் ஆர்ஜினினோ குளூட்டாமிக் அமிலமோ வந்து உட்கார்ந்தால் சுருள் அங்கே முறுக மறுக்கிறது. ஜீன் பரிசோதனை அறிக்கையில் ‘கிளைசின் மாற்றம்’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் ராமச்சந்திரனின் கிண்டி வளாகத்தை நினைத்துக்கொள்வேன்.

ராமச்சந்திரன் பார்த்தது நார்க் கொலாஜனை. நான்காம் வகையை அடிச்சவ்விலிருந்து தனியாக இனம் கண்டவர் அமெரிக்காவில் இருந்த நிக்கோலஸ் கெஃபாலிடிஸ், 1960-களில். அதுவும் மூன்று இழைச் சுருள்தான், ஆனால் நீளம் ஏறத்தாழ 400 நானோமீட்டர், முதல் வகையைவிட நூறு அதிகம். அதன் கிளைசின் வரிசை இருபதுக்கும் மேற்பட்ட இடங்களில் அறுபட்டுத் தொடர்கிறது. அறுபடும் இடங்களிலெல்லாம் சுருள் வளையும். நார்க் கொலாஜன் விறைத்து நிற்க, இது நெளிந்து கொடுக்கிறது. இன்னொரு வித்தியாசம் அதைவிட முக்கியம். நார்க் கொலாஜன் செல்லை விட்டு வெளியே வந்ததும் அதன் இரு முனைகளும் வெட்டி எறியப்படுகின்றன. அப்போதுதான் நார்கள் பக்கம் பக்கமாக அடுக்க முடியும். நான்காம் வகை தன் முனைகளை வைத்துக்கொள்கிறது. வலைக்கு முடிச்சுப் போடுவது அந்த முனைகள்தான்.

ஒரு முனையில் உருண்டையான ஒரு பகுதி உண்டு. ஆராய்ச்சியாளர்கள் அதை என்சி1 என்பார்கள். மறுமுனை 7எஸ். 1981-இல் ஜெர்மனியில் மியூனிக் பக்கம் மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் கிளாஸ் கூன், ரூப்பர்ட் டிம்பிள் ஆகியோர் இந்த மூலக்கூறுகளுக்கு உலோகப் பூச்சுப் பூசி எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் படமெடுத்தார்கள். அடிச்சவ்வுப் பொருளை அளவின்றிச் சுரக்கும் ஓர் எலிக் கட்டிதான் அவர்களுக்குக் கச்சாப் பொருள். என்சி1 முனையில் இரண்டு மூலக்கூறுகள் தலைக்குத் தலை முட்டிச் சேர்ந்திருந்தன. 7எஸ் முனையில் நான்கு மூலக்கூறுகள் ஒன்றாகக் கட்டுண்டு, நாலாபக்கமும் கை நீட்டின. இரண்டையும் சேர்த்து வைத்தால் வலை வந்துவிடுகிறது. எங்கள் துறையில் ஒரே ஒரு படத்தைச் சுவரில் மாட்டு என்றால் நான் அந்தப் படத்தைத்தான் மாட்டுவேன்.

கொலாஜன் செல்லுக்குள் தயாராகும் விதமும் சொல்ல வேண்டியது. ஆறு விதமான இழைகள் இருக்கின்றன, ஆல்ஃபா 1 முதல் ஆல்ஃபா 6 வரை. ஆறு ஜீன்களும் இரண்டிரண்டாக, முதுகோடு முதுகு ஒட்டியதுபோல் குரோமோசோம் 13, 2, எக்ஸ் ஆகிய மூன்றிலும் உட்கார்ந்திருக்கின்றன. ஆறை மூன்று மூன்றாகச் சேர்த்தால் ஏராளமான கூட்டணிகள் வர வேண்டும். வருவது மூன்றே மூன்று. இரண்டு ஆல்ஃபா 1-உம் ஓர் ஆல்ஃபா 2-உம். ஆல்ஃபா 3, 4, 5. இரண்டு ஆல்ஃபா 5-உம் ஓர் ஆல்ஃபா 6-உம். யார் யாரோடு சேர்வது என்பதை என்சி1 உருண்டைகள் தீர்மானிக்கின்றன. அவை மூன்றும் ஒன்றையொன்று அடையாளம் கண்டு ஒட்டிய பிறகே, அங்கிருந்து மறுமுனை நோக்கி முறுக்கு ஓடுகிறது. முறுக்கு நிலைக்க வேண்டுமென்றால் புரோலினில் ஹைட்ராக்சில் ஏற வேண்டும். அதற்கு வைட்டமின் சி வேண்டும். இந்த வேலைகளில் எது தப்பினாலும் மூலக்கூறு செல்லுக்குள்ளேயே தேங்கி நிற்கும் அல்லது அழிக்கப்படும். மூன்றில் ஒரு இழை கெட்டால் மற்ற இரண்டும் சேர்ந்தே போகின்றன. இதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

வெளியே வந்த பிறகு நடப்பதுதான் என்னைப் படிக்கும்போதே எழுந்து நிற்க வைத்தது. தயாரான மூலக்கூறு செல்லுக்குள் இருக்கும்வரை இன்னொன்றோடு தலை முட்டக் கூடாது. முட்டினால் செல்லுக்குள்ளேயே வலை திரண்டுவிடும். வெளியே வந்தவுடன் முட்டியாக வேண்டும். இந்த வேறுபாட்டை மூலக்கூறு எப்படி அறிகிறது? டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் ஊரில் உள்ள வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில், பில்லி ஹட்சனின் ஆய்வுக்கூடம் 2016-இல் பதில் சொன்னது: குளோரைடு. நம் சமையல் உப்பில் இருக்கும் அதே குளோரைடு. செல்லுக்குள் அது குறைவு, வெளியே நிறைய. குளோரைடு பட்டதும் என்சி1 உருண்டையில் சில பிணைப்புகள் இடம் மாறி, எதிரில் இருக்கும் மூலக்கூறைப் பற்றிக்கொள்ளத் தயாராகிறது.

பற்றினால் போதாது, பூட்ட வேண்டும். அந்தப் பூட்டு என்னவென்று பல ஆண்டுகள் யாருக்கும் பிடிபடவில்லை. 2009-இல் அதே குழு ‘சயன்ஸ்’ இதழில் அதை அறிவித்தது: ஒரு கந்தக அணுவும் ஒரு நைட்ரஜன் அணுவும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்த சல்ஃபிலிமின். உயிருள்ள ஒன்றின் புரதத்தில் அப்படிப்பட்ட பிணைப்பை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. மெத்தியோனின் ஒரு பக்கம், ஹைட்ராக்சிலைசின் மறுபக்கம். இரண்டு உருண்டைகள் முட்டும் இடத்தில் ஆறு பூட்டுகள் வரை விழலாம். பூட்டுப் போடும் நொதி பெராக்சிடாசின் என்று 2012-இல் தெரிந்தது. அந்த நொதிக்கு புரோமைடு வேண்டும் என்று 2014-இல் தெரிந்தது. உடம்பில் புரோமினுக்கு ஒரு வேலையும் இல்லை என்றுதான் அதுவரை பாடம். புரோமின் இல்லாமல் வளர்த்த பழ ஈக்கள் செத்துப்போயின; அவற்றின் அடிச்சவ்வு சரியாகக் கோக்கப்படவில்லை. அந்தக் கட்டுரையை என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் எல்லோரையும் படிக்க வைத்தேன். ஒரு தனிமம் உயிருக்கு இன்றியமையாதது என்று கண்டுபிடிப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அது என் அன்றாட வேலை மேஜையில் கிடக்கும் பட்டைக்குள் நடந்தது என்பதில் எனக்கு இன்றும் பெருமை.

வேலை மேஜைக்கு வருகிறேன். க்ளூட்டரால்டிஹைடில் விழுந்த துண்டு ஆஸ்மியத்தில் ஊறி, பிசினில் புதைந்து, கடினமாகி வந்ததும் முதலில் ஒரு மைக்ரான் தடிமனில் சீவி நீலச்சாயம் ஏற்றிப் பார்ப்போம், கிளாமருலஸ் இருக்கிறதா என்று. இருந்தால் அல்ட்ராமைக்ரோடோமில் ஏற்றி 60, 70 நானோமீட்டருக்குச் சீவ வேண்டும். அதாவது அடிச்சவ்வின் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு. எங்களிடம் இருந்த மூத்த டெக்னீஷியன் அந்த அளவை எண்ணில் சொன்னதே கிடையாது. வைரக்கத்தியின் ஓரத்தில் இருக்கும் சிறு தொட்டித் தண்ணீரில் சீவல் மிதக்கும்போது ஒளி பட்டு அதில் நிறம் தோன்றும். வெள்ளி நிறமென்றால் சரி. தங்க நிறமென்றால் தடிமன் அதிகம். “சில்வர் வந்துடுச்சு மேடம்” என்று அவர் சொன்னால் அன்று படம் நன்றாக இருக்கும். அந்தச் சீவலைக் கிரிட் என்னும் சல்லடைத் தகட்டில் ஏற்றக் கண்ணிமை மயிர் ஒன்றைக் குச்சியில் ஒட்டி வைத்திருப்பார். மூச்சை அடக்கிக்கொண்டு அந்த மயிரால் தள்ளுவார். அவர் கை இல்லாமல் நான் எழுதிய ஒரு ரிப்போர்ட்டும் இல்லை.

இப்போது அந்தப் பையனைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துப் பையன். காய்ச்சல் வந்தபோதெல்லாம் சிறுநீர் கோலா நிறத்தில் போயிற்று; பிறகு புரதமும் கசியத் தொடங்கியது. வேறோர் ஊர் மருத்துவமனையில் பயாப்ஸி எடுத்து, சாதாரண மைக்ரோஸ்கோப்பில் மட்டும் பார்த்து, சில கிளாமருலஸ்களில் தழும்பு என்று எழுதி ஸ்டீராய்டு கொடுத்திருந்தார்கள். மாதக்கணக்கில். முகம் உப்பியதே தவிர, புரதம் நிற்கவில்லை. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கென்று துண்டு எடுக்கவே இல்லை. திரும்ப பயாப்ஸி எடுத்து எங்களிடம் அனுப்பினார்கள்.

திரையில் சவ்வு ஓரிடத்தில் 150 நானோமீட்டர், பக்கத்திலேயே 700. தடித்த இடங்களில் சீரான சாம்பல் உடைந்து, மூங்கில் கூடை முடைந்ததுபோல் அடுக்கடுக்காகப் பிரிந்து பின்னியிருந்தது. எங்கள் துறையில் அதைக் கூடைமுடைவு என்றுதான் குறிப்பிடுவோம். அடுக்குகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகள். ஆல்போர்ட் நோய்.

லண்டனில் பணியாற்றிய ஆர்தர் செசில் ஆல்போர்ட் 1927-இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். தலைமுறை தலைமுறையாகச் சிறுநீரில் ரத்தம், கூடவே காது கேளாமை. ஆண்கள் சீக்கிரம் இறந்தார்கள், பெண்கள் நெடுநாள் இருந்தார்கள். ஏன் என்பது 1990-இல் தெரிந்தது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஆல்ஃபா 5 இழையின் ஜீன் கெட்டிருந்தது. மேலே அடிக்கோடிடச் சொன்னது இதற்காகத்தான். ஆல்ஃபா 5 கெட்டால் ஆல்ஃபா 3-உம் 4-உம் துணையின்றி அழிக்கப்படுகின்றன. அந்தக் கூட்டணியே சவ்வில் இல்லாமல் போகிறது. கருவில் சிறுநீரகம் உருவாகும்போது எல்லோருக்கும் ஆல்ஃபா 1, 2 சேர்ந்த வலைதான் முதலில் விரிகிறது. பிறகு போடோசைட்டுகள் 3, 4, 5 வலையைப் போட்டு அதன் இடத்தை நிரப்புகின்றன. குறுக்குப் பிணைப்புகள் அதிகம் உள்ள, அழுத்தம் தாங்கும் வலை அது. ஆல்போர்ட் பிள்ளைகளுக்கு அந்த மாற்றம் நடக்காது. கருக்கால வலையோடேயே அவர்கள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கிரிக்கெட் ஆடுகிறார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல, அழுத்தத்தில் அது சிதைந்து, ஒட்டுப்போட்டு, மறுபடி சிதைந்து கூடைமுடைவாகிறது. உட்காதிலும் கண்வில்லையின் உறையிலும் இதே 3, 4, 5 வலைதான். அதனால் காது, அதனால் கண்.

ஆல்ஃபா 5-ஐப் பற்றி ஒளிரும் எதிர்ப்பொருளைப் போட்டுப் பார்த்தோம். பையனின் கிளாமருலஸ் இருட்டாகவே இருந்தது. தோலின் அடிச்சவ்வில் ஆல்ஃபா 5, 6 கூட்டணி இருக்கும் என்பதால் தோலிலும் பார்க்கலாம், அங்கும் இருட்டு. இது எல்லா ஆல்போர்ட் பிள்ளைகளிடமும் இப்படித் தெளிவாக வராது. எதிர்ப்பொருள் ஒளிர்ந்துவிட்டது என்பதற்காக நோய் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. இன்று ஜீன் பரிசோதனை அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது.

பையனின் சிறுநீரக மருத்துவர் அவன் அம்மாவை என்னிடம் அழைத்து வந்தார். நோய்க்குறியியல் மருத்துவர்கள் நோயாளிகளின் முகம் பார்ப்பது குறைவு. அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி, “டாக்டரம்மா, பின்னாடி கிட்னி மாத்தணும்னா நான்தானே குடுக்கணும்? இப்பவே எடுத்துக்கலாமா?” என்பது. உங்கள் வீட்டில் வேறு யாருக்காவது என்று ஆரம்பித்தேன். “எங்க அண்ணனுக்குக் காது மந்தம். கிட்னி கெட்டு இருபத்தஞ்சு வயசுக்குள்ள போயிட்டாரு. எனக்கும் சின்ன வயசுலேருந்து யூரின்ல லேசா ரத்தம் இருக்குன்னு சொல்லுவாங்க. தொந்தரவு ஒண்ணும் இல்ல, அதனால விட்டுட்டேன்.”

அவருடைய தோலில் பார்த்தோம். அடிச்சவ்வு கொஞ்ச தூரம் பச்சையாக ஒளிர்ந்தது, கொஞ்ச தூரம் இருண்டது, மறுபடி ஒளிர்ந்தது. பெண்ணின் ஒவ்வொரு செல்லும் தன் இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்றை அணைத்துவிடுகிறது. நல்ல ஜீன் அணைந்த செல்களுக்கு அடியில் இருட்டு. அவருடைய சிறுநீரகத்திலும் இப்படித்தான் இருக்கும். கடத்துபவர் என்று சொல்லி இத்தகைய தாய்மார்களை நோயற்றவர்களாகக் கணக்கிடும் வழக்கம் இருந்தது. அது தவறு. வயதாக ஆக அவர்களில் கணிசமானவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகிறது. ஒன்றை எடுத்துவிட்டால் மிஞ்சும் ஒன்றின் பாடு சொல்ல வேண்டியதில்லை. “நீங்க குடுக்கக் கூடாதும்மா” என்று சொன்னபோது, மகனின் நோயைச் சொன்னபோது அழாதவர் அழுதார்.

பையனுக்கு ஸ்டீராய்டை நிறுத்தி, ராமிப்ரில் என்னும் ரத்த அழுத்த மருந்தைத் தொடங்கினார்கள். இந்த நோயில் அந்த மருந்து என்ன செய்கிறது என்பதற்கு ஐரோப்பியப் பதிவேடு ஒன்றிலிருந்து 2012-இல் வந்த கணக்கு உண்டு. மருந்து இல்லாதவர்களில் பாதிப் பேருக்கு 22 வயதுக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்யும்போதே, புரதம் கசியத் தொடங்கிய கட்டத்தில் மருந்து ஆரம்பித்தவர்களுக்கு அந்த வயது 40. ஜீனைத் திருத்தவில்லை, வலையை மாற்றவில்லை. அழுத்தத்தைக் குறைத்ததால் கிடைத்த பதினெட்டு வருஷம். விலை குறைந்த மாத்திரை. ஸ்டீராய்டில் கழிந்த அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எல்லா ஊரிலும் வைக்க முடியாது, தெரியும். க்ளூட்டரால்டிஹைடு குப்பியில் ஒரு பொடித்துண்டைப் போட்டு வைப்பதற்கு எந்த ஊரிலும் தடை இல்லை. தேவைப்பட்டால் அனுப்பலாம், தேவைப்படாவிட்டால் தூக்கி எறியலாம். எடுக்காத துண்டை எந்தக் கருவியாலும் பார்க்க முடியாது.

நம் ஊருக்கென்று இன்னொரு முகமும் இந்த நோய்க்கு இருக்கிறது. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்தில் கல்யாணம் செய்த குடும்பங்களிலிருந்து பெண்பிள்ளைகள் வருவார்கள். ஆண்பிள்ளைகளுக்கு நிகரான கடுமையோடு. அவர்களிடம் கெட்டிருப்பது குரோமோசோம் 2-இல் உள்ள ஆல்ஃபா 3 அல்லது 4. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதிகளும் கெட்டவை. அந்தப் பிள்ளைகளின் கிளாமருலஸ் சவ்வு இருண்டிருந்தாலும் அதைச் சுற்றியுள்ள போமன் உறையில் ஆல்ஃபா 5 ஒளிரும், அங்கே 5, 6 கூட்டணி பிழைத்திருப்பதால். ஒரே படத்தில் ஒரு வளையம் ஒளிர்ந்து இன்னொன்று இருண்டிருப்பதைக் கண்டதும், பெற்றோர் உறவினரா என்று கேட்டு அனுப்புவேன். இரண்டில் ஒரு பிரதி மட்டும் கெட்டவர்களுக்குச் சவ்வு மெலிந்திருக்கும், பெரியவர்களிடம் 250 நானோமீட்டருக்கும் கீழே. பெரும்பாலும் அவர்கள் வெறும் ரத்தக் கசிவோடு வாழ்ந்துவிடுகிறார்கள். எல்லோரும் அல்ல.

எல்லாக் கெடுதலும் ஜீனிலிருந்து வருவதில்லை. ஒருநாள் மாலை இம்யூனோஃபுளோரசன்ஸ் அறையிலிருந்து போன் வந்தது. “மேடம், ஐஜிஜி லீனியரா வருது. வந்து பாருங்க.” இருட்டறையில் எல்லாக் கிளாமருலஸ்களிலும் ஐஜிஜி எதிர்ப்பொருளின் பச்சைக் கோடு, விட்டுவிடாமல், ஒரே சீராக. நோயாளி ரத்தம் இருமிக்கொண்டிருந்தார். ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டிருந்தது. ரிப்போர்ட் டைப் ஆகும்வரை நான் காத்திருக்கவில்லை. வார்டுக்குப் போன் போட்டு, “சார், ஆன்டி-ஜிபிஎம். இன்னிக்கே பிளாஸ்மா எக்ஸ்சேஞ்ச் ஆரம்பிச்சுடுங்க” என்றேன். இந்த நோயில் ஒவ்வொரு நாளும் கிளாமருலஸ்கள் சாகின்றன.

ஜிபிஎம் என்பது இதே கிளாமருலஸ் அடிச்சவ்வின் சுருக்கப்பெயர். உடம்பின் எதிர்ப்பொருள் அதில் தாக்குவது ஆல்ஃபா 3-இன் என்சி1 உருண்டையை. அந்த இலக்கு சாதாரணமாக வெளியே தெரியாது. இரண்டு மூலக்கூறுகள் தலை முட்டிச் சேரும்போது உள்ளே மறைந்துவிடுகிறது. சல்ஃபிலிமின் பூட்டுகள் உறுதியாக இருந்தால் எதிர்ப்பொருளுக்கு வழியில்லை. பூட்டில்லாத, பிரிந்து கொடுக்கும் கூட்டுகளைத்தான் அது பிடிக்கிறது. நுரையீரலிலும் 3, 4, 5 வலை இருப்பதால் ரத்த இருமல். புகை பிடிப்பவர்களுக்கு அது அதிகம். 1919-இல் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் இன்ஃபுளூயன்சாவுக்குப் பின் நுரையீரலில் ரத்தம் கசிந்து இறந்த ஓர் இளைஞனைப் பற்றி எழுதினார். இந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. பின்னாளில் அவர் பேராசிரியராக இருந்தது வாண்டர்பில்ட்டில். பூட்டைக் கண்டுபிடித்ததும் அதே பல்கலைக்கழகம்.

இரண்டு நோய்களும் ஒரு இடத்தில் சந்திக்கின்றன. ஆல்போர்ட் நோயாளிக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்தால், அவர் உடம்பு பிறந்ததிலிருந்து பார்த்திராத 3, 4, 5 வலை அதில் இருக்கிறது. சிலருடைய உடம்பு அதை அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் செய்கிறது; மாற்றிய சிறுநீரகத்தில் அந்தப் பச்சைக் கோடு தோன்றுகிறது. அப்படி ஆவது நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகத்தான். மாற்றுச் சிறுநீரகம் அவர்களில் பெரும்பாலோருக்கு நன்றாகவே வேலை செய்கிறது.

அந்தப் பையன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். காதுக்குக் கருவி வைத்திருக்கிறான், மாத்திரை தொடர்கிறது, டயாலிசிஸ் இன்னும் தேவைப்படவில்லை.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பிள்ளையின் சிறுநீரில் ரத்தம் இருக்கிறது என்று சொன்னால், அம்மாவின் சிறுநீரையும் அப்பாவின் சிறுநீரையும் அன்றே பரிசோதித்துவிடுங்கள். செலவு குறைந்த சோதனை. பிள்ளையின் காதை ஆடியோகிராமில் பாருங்கள், வகுப்பில் நன்றாகக் கேட்கிறது என்று அவன் சொன்னாலும். தாய்மாமனுக்கோ தாத்தாவுக்கோ காது கேட்காமல் இருந்ததா, சிறுநீரகம் கெட்டு இறந்தவர் யாராவது உண்டா, கல்யாணம் சொந்தத்திலா என்பதையெல்லாம் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். பயாப்ஸி எடுப்பதென்று முடிவானால், எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு ஒரு துண்டு எடுத்து வைப்பார்களா என்று ஊசி போடுவதற்கு முன்பே கேளுங்கள்.